இடி தாங்கக் கற்றுக்கொடுத்த சிநேகம்

ங்கோஸி உகாஸு என்ற அமெரிக்க ஓவியர் 2013-ஆம் ஆண்டில் தொடங்கி 2020 வரையில் இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு வந்ததும், பின்னர் இரண்டு தொகுதிகளாகப் புத்தக உருவம் பெற்றதுமான ‘செக், ப்ளீஸ்!’ என்னும் சித்திரக்கதையைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஐஸ் ஹாக்கி அணியைக் களமாகக் கொண்டு, தன்பால் ஈர்ப்புடைய ஓர் இளைஞனின் நான்கு வருஷக் கல்லூரி வாழ்க்கையைச் சொல்லும் கதை அது. படித்தவர்களில் பெரும்பாலோர் அதைக் காதல் கதை என்றே கொண்டாடுகிறார்கள். அப்படிக் கொண்டாடுவதற்கு நியாயமும் இருக்கிறது. ஆயினும், அந்தக் காதல் அரும்புவதற்கு வெகுகாலம் முன்னரே அதற்கு வேண்டிய மண்ணைப் பதப்படுத்தி வைத்ததும், அரும்பிய பிறகு அது வாடிப்போகாமல் காத்து நின்றதுமான சிநேகமே அந்தக் கதையின் உயிர் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கதாநாயகன் எரிக் பிட்டில், நண்பர்களுக்குப் பிட்டி. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில், அமெரிக்கக் கால்பந்தே தெய்வமாகக் கொண்டாடப்படும் ஓர் ஊரில், அந்த ஆட்டத்துக்குப் பயிற்சியாளராக இருக்கும் தகப்பனாருக்குப் பிறந்தவன். உருவத்தில் சிறியவன், பேச்சில் இனியவன், பனிச்சறுக்கு நடனத்தில் இளைஞர் பிரிவில் பட்டம் வென்றவன், பழங்களை உள்ளே வைத்து அடுப்பில் சுட்டெடுக்கும் ‘பை’ என்ற பட்சணத்தைச் செய்வதில் அசாத்தியமான கைத்திறன் படைத்தவன். இப்படிப்பட்டவன் ஹாக்கி விளையாட்டுக்கான உபகாரச் சம்பளம் பெற்று, மாஸசூஸெட்ஸில் இருப்பதாக ஆசிரியர் கற்பித்த ஸாம்வெல் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்கிறான். தன் அறையில் காமிராவின் முன் உட்கார்ந்து, முகமறியாத நேயர்களிடம் அன்றாட அனுபவங்களைச் சொல்லும் பழக்கம் அவனுக்கு உண்டு. அந்தச் சம்பாஷணையின் வழியாகத்தான் கதை நமக்கு விரிகிறது. அருகிலிருக்கும் மனிதர்களிடம் சொல்ல முடியாததைத் தூரத்திலிருக்கும் அந்நியர்களிடம் சொல்லும் பையன் அவன் என்பதை ஆசிரியர் முதல் பக்கத்திலேயே நமக்கு உணர்த்திவிடுகிறார்.

அவனுக்கு ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஐஸ் ஹாக்கி என்றால் நம் ஹாக்கியைப் பனிமேல் ஆடுவது என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வட்டு ஒன்றை, கோல் காப்பவரையும் சேர்த்துப் பக்கத்துக்கு 6 பேர், 20 நிமிஷம் கொண்ட மூன்று பகுதிகளாகத் துரத்தித் துரத்தி ஆடும் ஆட்டம் அது; வேகம் எத்தகையதென்றால், ஒரு வீரர் ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிஷ அளவு ஆடிவிட்டுக் களைத்துப்போய் வெளியே வந்துவிடுவார். வட்டு யார் வசம் இருக்கிறதோ அவர்மீது தோளாலோ இடுப்பாலோ முழு வேகத்துடன் மோதி, வேண்டுமானால் சுற்றுப் பலகையோடு சேர்த்து நசுக்கியும், வட்டைப் பறித்துக்கொள்வதற்கு விதிகளே அனுமதி தருகின்றன. இந்த மோதலுக்குத்தான் ‘செக்’ என்று பெயர். பிட்டியோ, ஊரில் ஆணும் பெண்ணும் கலந்து, மோதலே இல்லாமல் ஆடிய குழுவின் தலைவனாக இருந்தவன். சறுக்குவதில் அவனுக்கு நிகரான லாகவம் அணியில் வேறு யாருக்கும் இல்லை. ஆனால் எதிராளி ஒருவன் நெருங்கி வந்துவிட்டால் போதும், உடம்பு முழுவதும் ஒடுங்கி, பனித்தரையில் சுருண்டு விழுந்துவிடுவான். பள்ளி நாட்களில் முரட்டுப் பையன்களிடம் பட்ட அவஸ்தை தேகத்தில் எங்கேயோ தங்கிவிட்டது; புத்தி சொல்வதை அந்தத் தேகம் கேட்பதில்லை.

அணித் தலைவன் ஜாக் ஸிம்மர்மன். என்.ஹெச்.எல். என்ற தொழில்முறை ஹாக்கிச் சங்கத்தில் பெரும்புகழ் பெற்ற வீரரின் ஏக புத்திரன், கடுமையானவன், சிரிக்காதவன். பிட்டியை அவனுக்கு முதலில் சற்றும் பிடிப்பதில்லை. ஆனால் அணியில் ஒருவன் பயந்து விழுந்துகொண்டிருக்க, தலைவனாகிய தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது தர்மமல்ல என்று அவனுக்குத் தோன்றுகிறது. விடியற்காலையில், மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒருவருமில்லாத பனித்திடலுக்குப் பிட்டியை வரச்சொல்லி, அவன்மீது மோத ஆரம்பிக்கிறான். மோதுவான், பிட்டி விழுவான், எழுந்திருக்கச் சொல்லுவான், மறுபடியும் மோதுவான். இரக்கம் ததும்பும் வார்த்தை ஒன்றுமில்லை. இருந்தும், ஒருவனைப் பயமுறுத்தும் பொருளையே எடுத்துக்கொண்டு, அதை அவன் தாங்கக்கூடிய அளவுக்குச் சிறுகச் சிறுகப் பங்கிட்டு, தன் உறக்கத்தைத் தியாகம் செய்து நாள்தோறும் கொண்டுவந்து கொடுப்பவனைவிடச் சிறந்த சிநேகிதன் யார்? அந்தச் சித்திரங்களை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். பரந்த வெண்தளத்தில் இரண்டே உருவங்கள். சின்ன உருவம் ஒவ்வொரு தடவையும் சற்று தாமதமாக விழத் தொடங்குகிறது. வளர்ச்சி என்பதை அவ்வளவு எளிதாகக் காட்டிவிட உரைநடையால் முடியாது.

பயிற்சி பயத்தை அடியோடு ஒழித்துவிடுகிறது என்று ஆசிரியர் பொய் சொல்வதில்லை. அந்த வருஷத்து முக்கியமான போட்டி ஒன்றில் பிட்டி உண்மையாகவே பலமாக இடிபட்டு, தலையில் அதிர்ச்சி கண்டு விழுகிறான். ஜாக்குக்கு அது தாங்கமுடியாத குற்ற உணர்வாகிறது. அஞ்சியது நடந்தேவிட்டது, நடந்த பின்னும் பையன் அடுத்த வருஷம் திரும்பி வருகிறான். இந்த இடத்தில்தான் அவன் உள்ளபடியே தைரியசாலி ஆகிறான் என்று எனக்குத் தோன்றும்.

பனித்திடலில் விழுவதற்கு அஞ்சும் பையன், தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லவும் அஞ்சிக்கொண்டிருக்கிறான். இரண்டும் ஒரே பயம்தான். ஹாக்கி வீரர்கள் என்றால் எப்படியிருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். முதன்முதலில் அவன் சொல்லத் துணிவது ஷிட்டி என்ற முரட்டுப் பட்டப்பெயரால் அழைக்கப்படும் மூத்த மாணவனிடம். பெரிய மீசையும், நீண்ட தலைமயிரும், வீட்டுக்குள் உடை என்ற சம்பிரதாயத்தையே மதிக்காத சுபாவமும், வாயைத் திறந்தால் வசைமொழியுமாக இருக்கும் அந்த மனிதன்தான் அணியிலேயே மிகவும் நுட்பமான ஹிருதயம் உடையவன். பெண்களின் சமத்துவத்தைப் பற்றியும் இன, வர்க்க வேற்றுமைகளைப் பற்றியும் தோழர்களுக்குச் சலிக்காமல் உபந்நியாசம் செய்பவன். பிற்பாடு ஹார்வர்டில் சட்டம் படிக்கப் போகிறவன். பிட்டி நடுங்கிக்கொண்டே சொல்லும் செய்தியை அவன் ஏற்றுக்கொள்ளும் விதத்தில் அதிசயமோ, அனுதாபமோ, பெருந்தன்மையின் பாவனையோ கிடையாது. தன்னை நம்பி ஒருவன் ஒன்றைச் சொன்னான் என்ற சந்தோஷம் மாத்திரமே இருக்கிறது. ஒருவர் நம்மிடம் அந்தரங்கம் சொல்லும்போது அதைப் பெற்றுக்கொள்ளவும் ஒரு பண்பு வேண்டும் என்பதை எனக்கு உணர்த்திய பக்கங்கள் அவை.

அணியினர் பலர் கூடி வாழும் இல்லம் ஒன்று உண்டு. ‘ஹவுஸ்’ என்று அதற்குப் பெயர். அழுக்கும் சிதிலமுமான வீடு. அங்கே கிடக்கும் பழைய சோபாவைத் தொடவே பிட்டிக்கு அருவருப்பு. அந்த வீட்டின் சமையலறையைத்தான் அவன் மெல்ல மெல்லத் தன் ராஜ்யமாக ஆக்கிக்கொள்கிறான். பரீட்சையானாலும் தோல்வியானாலும் மனக்கசப்பானாலும் அவன் கை மாவைப் பிசைய ஆரம்பித்துவிடும். சற்று நேரத்தில் மாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வருவார்கள். சமையல் என்பது ஆண்மைக்குக் குறைவு என்று நினைக்கக்கூடிய பையன்கள், பட்சணத்தை எதிர்பார்த்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் காட்சியை வரையும்போதெல்லாம் ஆசிரியரின் கோடுகள் தனியான ஓர் உற்சாகம் கொள்கின்றன. உணவையும் அமெரிக்கப் பெண்களின் கலாசாரத்தையும் பற்றிய ஒரு வகுப்பில் ஜாக்கும் பிட்டியும் சேர்ந்து படிப்பதும், அதற்காக இருவரும் கூடிப் பை செய்வதும் இரண்டாம் வருஷத்தில் வருகின்றன. அதிகாலையில் பனித்திடலில் குருவாக இருந்தவன் இங்கே சிஷ்யன்.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டம் பெற்றுச் செல்லும் மூத்தவன் தன் அறையைத் தனக்குப் பிரியமான இளையவன் ஒருவனுக்கு உரிமையாக்கிவிட்டுப் போகவேண்டும். ‘டிப்ஸ்’ என்று அவர்கள் அதைச் சொல்வார்கள். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது அவர்களிடையே பெரிய விஷயம். நாலு சுவரும் ஒரு ஜன்னலும் கொண்ட அந்த இடத்தைப் பெறுவது, நீயும் இந்த வீட்டைச் சேர்ந்தவன் என்று எல்லோரும் அறியச் சொல்லப்படுவதற்குச் சமானம். பிட்டிக்கு அறை கொடுப்பவன் ஜான்ஸன் என்ற கோல்காப்பாளன். தான் ஒரு சித்திரக்கதையின் பாத்திரம் என்பதை அறிந்தவன்போலவே வேதாந்தமாகப் பேசும் விசித்திரமான பேர்வழி அவன். தாய் தந்தையரின் வீட்டிலேயே தன் முழு உருவத்துடன் இருக்க முடியாத ஒருவனுக்கு, ரத்த பந்தம் இல்லாத ஒருவன் போகிறபோக்கில் ஓர் அறையை விட்டுச் செல்கிறான். கதையில் இதற்கென்று கண்ணீரோ பிரசங்கமோ இல்லை.

இந்த அணியினரை ஆசிரியர் புனிதர்களாக்கிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். குடிக்கிறார்கள், கூச்சலிடுகிறார்கள், கொச்சையாகப் பேசுகிறார்கள். ரான்ஸம், ஹோல்ஸ்டர் என்ற இணைபிரியாத இரு தோழர்கள், ஹாக்கிக்காரர்களின் மொழியையும் வழக்கங்களையும் வாசகர்களுக்குப் பாடமாகவே நடத்தும் உபகதைகள் இடையிடையே வருகின்றன. ஆட்டத்தை அறியாத என் போன்றவர்களுக்கு அவை பேருதவி. இந்த இருவரின் சிநேகத்தில் காதல் இல்லை; ஆனால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்வதற்குச் சங்கோசமும் இல்லை. தன்பால் ஈர்ப்புடைய ஒருவன் தங்களிடையே பயமின்றி இருப்பதனால், அப்படியல்லாத மற்ற பையன்களுக்கும் ஒருவரையொருவர் பிரியமாக நடத்துவதற்குச் சுதந்திரம் கிடைத்துவிடுகிறது. இது யாரும் சொல்லிக் காட்டாமல் பக்கம் பக்கமாக நிகழ்கிறது. இந்தக் கதையின் ஆகச் சிறந்த அம்சம் இதுவே என்பேன்.

அணியின் நிர்வாகியாக லார்டோ என்ற பெண் வருகிறாள். சித்திரக்கலை மாணவி, குள்ளமானவள், அதிகம் பேசாதவள், அவள் ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை முரடர்களும் அடங்கிவிடுவார்கள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் உண்மை உலகில் வாழ்ந்து மறைந்த இன்னொரு மாணவ நிர்வாகியின் நினைவு எனக்கு வரும். ஓஹையோ மாநிலத்து மியாமி பல்கலைக்கழக ஹாக்கி அணியில் அந்தப் பொறுப்பை வகித்த பிரெண்டன் பர்க், தான் தன்பால் ஈர்ப்புடையவன் என்பதை 2009 நவம்பரில் உலகறியச் சொன்னான். அவன் தகப்பனார் பிரையன் பர்க், அப்போது டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் பொது மேலாளராக இருந்தவர். முரட்டு ஆட்டத்தையே பெரிதும் விரும்புபவர் என்று பெயர் வாங்கியவர். அவர் மகனின் பக்கத்தில் அசையாமல் நின்றார். சில மாதங்களுக்குள், 2010 பிப்ரவரியில், ஒரு மோட்டார் விபத்தில் பிரெண்டன் இறந்துபோனான். அவனுக்கு வயது 21. அவன் நினைவிலிருந்து பிறந்த ‘யூ கேன் ப்ளே’ என்ற இயக்கத்தை அவன் சகோதரர் பாட்ரிக் பர்க் வேறு இருவருடன் சேர்ந்து 2012-இல் தொடங்கினார். ஆடத் தெரிந்தால் ஆடலாம், வேறெதுவும் கேள்வி இல்லை என்பதே அதன் கொள்கை. பிரெண்டனின் அணித் தோழர்கள் அவன் சொன்னதைக் கேட்டபின் அவனைக் கைவிடவில்லை. ஸாம்வெல் அணியைப் போன்ற ஒன்று நடைமுறையில் இருக்கவே முடியாது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் அத்தாட்சி இது.

ஆனால் தொழில்முறை உலகம் வேறு. கதை வெளிவரத் தொடங்கிய அதே 2013-ஆம் வருஷத்து ஏப்ரலில் ஜேஸன் காலின்ஸ் என்ற கூடைப்பந்து வீரர், தாம் தன்பால் ஈர்ப்புடையவர் என்பதை வெளிப்படையாக அறிவித்தார். ஹாக்கியில் அப்படி ஒருவர் வர மேலும் எட்டு வருஷங்கள் ஆயின: என்.ஹெச்.எல். அணி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுள் முதன்முதலாக லூக் ப்ரோகாப் 2021 ஜூலையில் அறிவித்தபோது அவருக்கு வயது 19. அதற்குப் பின்னும் 2023-இல் என்.ஹெச்.எல். நிர்வாகம், வீரர்கள் தன்பால் ஈர்ப்புடையவர்களுக்கு ஆதரவாகத் தங்கள் மட்டையில் வானவில் நிறப் பட்டை சுற்றிக்கொள்வதைத் தடை செய்தது. அக்டோபர் மாதத்தில் ட்ராவிஸ் டெர்மட் என்ற வீரர் அந்தப் பட்டையுடனேயே களத்தில் இறங்க, சில நாட்களில் தடை வாபஸ் ஆயிற்று. மட்டையில் சுற்றும் ஒரு துண்டுப் பட்டைக்கு இத்தனை கலவரம் நிகழ்கிற உலகத்தில், ஜாக் போன்ற ஒருவன் எதற்கு அஞ்சியிருப்பான் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஜாக்கின் பூர்வகதையை ஆசிரியர் அவசரப்படாமல் திறக்கிறார். தகப்பனாரின் புகழ் என்ற பாரம், ஓயாத மனக்கலக்கம், அதற்கு உண்ட மருந்து, கியூபெக்கின் இளைஞர் அணியில் உடன் ஆடிய கென்ட் பார்ஸனுடன் இருந்த சொல்லமுடியாத பந்தம், தொழில்முறை அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளை ஒட்டி அளவுமீறி மருந்து உட்கொண்டு சாவின் விளிம்புவரை சென்று மீண்ட சம்பவம் ஆகிய எல்லாம் துணுக்குத் துணுக்காகவே நமக்குக் கிடைக்கின்றன. அவன் கல்லூரிக்கு வந்தது தோற்றுப்போனவனாக. அவனை மீட்டவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். அவனைப் பெரிய வீரரின் மகனாகப் பார்க்காமல், சரித்திரப் புத்தகம் படிப்பவன் என்பதுபோன்ற சின்ன விஷயங்களால் அறிந்து வைத்திருக்கும் வீட்டுத் தோழர்களும்தாம்.

பட்டமளிப்பு நாளன்று எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்ட பிறகு, தன் மனத்தில் இருப்பது என்ன என்பது ஜாக்குக்குத் திடீரென்று புலனாகிறது. அவன் ஓடுகிறான். அந்த ஓட்டத்தையும் அதற்கு அடுத்த பக்கத்தையும் விவரிக்க எனக்கு மனமில்லை. இரண்டு வருஷச் சிநேகத்தின் பாரம் முழுவதும் அங்கே வந்து இறங்குவதைத் தாங்களாகவே காண்பதுதான் இன்பம். மூன்றாம் வருஷத்தில் ஜாக் பிராவிடென்ஸ் நகரத்தின் ஃபால்கனர்ஸ் என்ற தொழில்முறை அணியில் (இந்த அணியும் கற்பனைதான்) ஆடுகிறான். காதலை மறைத்துவைக்க வேண்டியிருக்கிறது. வெளியுலகத்துக்கு மறைப்பதைக் காட்டிலும் ஹவுஸில் இருக்கும் தோழர்களுக்கு மறைப்பதுதான் பிட்டியை வாட்டுகிறது. தினமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பட்சணம் தின்பவர்களிடம் பாதி மனிதனாக நடமாடுவது எவ்வளவு களைப்பைத் தரும் என்பதை, பிட்டியின் சிரிப்பு அத்தியாயத்துக்கு அத்தியாயம் சற்று இறுகிக்கொண்டே போவதாக ஆசிரியர் வரைந்து காட்டுகிறார். கடைசியில் தோழர்களிடம் சொன்னபோது அவனுக்குக் கிடைக்கும் ஆசுவாசம், காதலனின் அரவணைப்பில் கிடைக்காத வேறொன்று.

இந்தக் கதை மிகவும் இனிப்பானது, வாழ்க்கையின் கொடுமை இதில் போதுமான அளவு இல்லை என்று சிலர் குறை கூறுவதுண்டு. நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். தன்பால் ஈர்ப்புடையவர்களைப் பற்றிய கதைகளில் மரணமும் பிரிவும் நெடுங்காலம் கட்டாயச் சரக்காக இருந்துவந்தன; அவர்களுடைய துக்கத்தைப் படித்து இரக்கப்படுவதற்கு உலகம் பழகிக்கொண்டுவிட்டது. அவர்கள் சிரிப்பதையும், பரீட்சைக்கு அஞ்சுவதையும், அடுப்பு சரியில்லை என்று அலுத்துக்கொள்வதையும், சிநேகிதர்களால் கேலி செய்யப்படுவதையும் ஏழு வருஷம் சலிக்காமல் வரைவதற்குத்தான் அதிகத் திராணி வேண்டும். கதையில் ஜாக்கின் நோயும் பிட்டியின் அச்சமும் ஊரில் அவனுக்கிருக்கும் மௌனமும் உண்மையாகவே இருக்கின்றன. அவை கடைசி வார்த்தையைச் சொல்ல ஆசிரியர் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். என் மனக்குறை வேறு: பின்பாதியில் ஜாக்கின் வெற்றிகளுக்குக் கொடுத்த இடத்தில் கொஞ்சத்தைச் சௌடர், நர்ஸி, டெக்ஸ் ஆகிய இளையவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். நர்ஸிக்கும் டெக்ஸுக்கும் இடையே நடக்கும் ஓயாத சண்டையில் ஒரு தனி நாவலுக்கே விஷயம் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதி வரைந்தவர் ஹாக்கிச் சூழலில் பிறந்தவர் அல்லர் என்பது விசேஷம். நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்து டெக்ஸஸில் வளர்ந்த உகாஸு, யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஹாக்கி வீரர்களைப் பற்றித் திரைக்கதை ஒன்று எழுதுவதற்காக அந்த ஆட்டத்தைக் கற்கத் தொடங்கி, அதன்மேல் அபிமானம் மிகுந்து, வீரர்களிடம் பேசியும் ஆட்டங்களைப் பார்த்தும் அவர்களுடைய பேச்சின் நெளிவுசுளிவுகளையெல்லாம் கிரகித்துக்கொண்டவர். அவர் பட்டம் பெற்ற 2013-இல்தான் யேல் அணி தேசியக் கல்லூரி ஹாக்கிப் பட்டத்தை வென்றது. பிறகு ஸவான்னா கலைக்கல்லூரியில் சித்திரக்கதைக் கலையையே முறையாகப் படித்தார். வாசகர்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் வழியாக 2015-இல் முதல் வருஷக் கதையை அச்சிட்டார். 2017-இல் இரண்டாம் வருஷக் கதைக்கு வாசகர்கள் அனுப்பிய தொகை ஏறத்தாழ 4 லட்சம் டாலர். பெரிய பிரசுராலயம் எதுவும் கைதூக்கி விடுவதற்கு முன்னரே, கண்காணாத வாசகர் கூட்டம் ஒன்று இந்தக் கதையைத் தாங்கிப் பிடித்துவிட்டது.

இப்போது ‘ஃபர்ஸ்ட் ஸெகண்ட்’ பிரசுரமாக இரண்டு தொகுதிகள் கிடைக்கின்றன: முதல் இரண்டு வருஷங்களைக் கொண்ட தொகுதி 2018-இலும், பின்னிரண்டு வருஷங்களின் தொகுதி 2020-இலும் வந்தவை. ஆங்கிலம் கடினமானதல்ல, கொச்சைமொழிதான் நிறைய. ஆட்டத்தின் நுணுக்கங்கள் விளங்காத இடங்களில் ரான்ஸமும் ஹோல்ஸ்டரும் நடத்தும் பாடங்களை முதலில் படித்துவிட்டால் வழி சுலபமாகும். வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தொகுதி, ஜாக் ஓடிவந்து நிற்கும் இடத்தில் முடிகிறது. அங்கே புத்தகத்தை மூடிவிட்டு இரண்டாவது தொகுதி தபாலில் வரும்வரை காத்திருப்பது யாருக்கும் முடியாத காரியம்.